கைராசி லாகின்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் வாட்ச்மேன் வேலை என்று சொல்லிவிடுவேன். பொய் இல்லை. ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேப்பின் டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். யார் உள்ளே வரலாம், யார் வரக் கூடாது, வந்தவர் எத்தனை மணிக்கு வந்தார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தார், உள்ளே எதைத் தொட்டார் என்று கவனிப்பதும் எழுதி வைப்பதும்தான் முக்கால்வாசி வேலை. வாட்ச்மேனாவது பாவம், வெயிலில் நிற்பார். எனக்கு ஏசி உண்டு. அதுகூட எனக்காகப் போட்டதில்லை, சர்வருக்காகப் போட்டது.

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று ஆபீஸில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரும் பழசு. கொஞ்ச வருஷமாகக் கோபம் வர வேண்டிய இடத்தில் எதுவும் வருவதில்லை. யாராவது எதிரில் நின்று கத்தினால், அவர்கள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் கேம்ப் ரோட்டில் காய் வாங்குவதா, நேற்றுக் குழம்பையே சுட வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இதை ஒரு நோயாகச் சொல்லவில்லை. தாம்பரத்தில் காலை ரயிலில் ஏறும் பாதிப் பேர் முகத்தைப் பாருங்கள், அவர்களுக்கும் இதே சங்கதிதான். அப்படிப்பட்ட ஒருத்திதான் இதைச் சொல்கிறாள் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

லேப்பின் ஓனர் சேலையூரில் பழைய குடும்பம். அவர் அப்பா காலம் வரைக்கும் அங்கே நெல் போட்டார்கள். பிறகு நிலம் பிளாட் ஆனது, பிளாட் கடைகள் ஆனது, அந்தக் கடைகளில் ஒன்றில் இவர் லேப் வைத்தார். இப்போது ஐந்து கிளை. பெரிய லேப்பும் ஆபீஸும் மேற்குத் தாம்பரத்தில், மற்றவை சேலையூர், ஊரப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம். நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் பெண் பிறந்தபோது முகம் சுளிக்காமல் ஆறு மாசம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டவர்.

நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர்தான் அவருடைய முதல் ஊழியர். ஊரப்பாக்கத்திலேயே பிறந்து, ஊரப்பாக்கத்திலேயே கட்டிக் கொடுக்கப்பட்டு, புருஷன் போன பிறகு அங்கேயே ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்தவர். லேப் டெக்னீஷியன். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நரம்பே தட்டுப்படாத கை என்றால் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். கைக்குழந்தை என்றாலும் அக்காதான். "இன்னா கண்ணு, எறும்பு கடிச்ச மாரி கீதா? அவ்ளோதான், முடிஞ்சு போச்சு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் டியூபில் இருக்கும்.

சேலையூரில் முதல் லேப் திறந்த நாள் கதையை ஓனர் எல்லோரிடமும் சொல்வார். பூஜை போட்டு, ஸ்வீட் கொடுத்து, பத்து மணி ஆகியும் ஒரு ஈ காக்கா வரவில்லை. இவர் முகம் செத்துப்போய் வாசலில் நிற்கிறார். அக்கா பார்த்திருக்கிறார். ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்து இடது கையில் கட்டிக்கொண்டு, வலது கையால் தன் ரத்தத்தைத் தானே எடுத்து, தன்னையே முதல் பேஷண்டாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, "போணி ஆயிடிச்சு சார், உள்ள வாங்கோ" என்றாராம். அரை மணி நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் வாங்கி வைத்த ஊசி தீர்ந்துபோனது. அன்றிலிருந்து ஓனருக்கு அக்காவின் கைதான் ராசியான கை.

ஒரே கிளை இருந்தவரை இதில் ஒரு தொந்தரவும் இல்லை. அக்கா முதல் ரயிலைப் பிடித்து வந்து அன்றைய முதல் பேஷண்டை ஏற்றுவார், அப்புறம் மற்றவர்கள் வேலையை ஆரம்பிப்பார்கள். கிளை ஐந்தான பிறகு அக்காவை ஐந்தாக வெட்ட முடியாதே. ஓனர் அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஆள் இல்லாவிட்டால் என்ன, பேர் இருக்கிறதே. எல்லாக் கிளையிலும் முதல் பேஷண்டை அக்காவின் லாகினில்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் சாஃப்ட்வேர் பழைய காலத்து ஆசாமி. ஒவ்வொரு ஊழியருக்கும் சர்வரில் தனியாக ஒரு பேர், ஒரு பாஸ்வேர்ட். அதுதான் லாகின். அந்தப் பேரில் உள்ளே வந்து எதைச் செய்தாலும் பக்கத்தில் அந்தப் பேர் எழுதப்படும். அக்காவின் பாஸ்வேர்ட் ஐந்து கிளைக்கும் போனது. ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியில் எழுதி, கவுண்டருக்கு அடியில் ஒட்டி வைத்தார்கள். போணி முடிந்ததும் அக்கா லாகினிலிருந்து வெளியே வந்து அவரவர் பேரில் நுழைய வேண்டும் என்பது ஏற்பாடு. யார் செய்வார்கள்? வெறும் வயிற்றோடு இருபது பேர் வரிசையில் நின்று "இன்னும் எவ்ளோ நேரம்மா" என்று பிராணனை வாங்கும்போது யாருக்கு லாக் அவுட் ஞாபகம் வரும்? பத்து மணி வரைக்கும் எல்லாம் அக்கா பேரில்தான் ஓடும்.

நான் சேர்ந்த இரண்டாவது வருஷம் இதைக் கண்டுபிடித்தேன். அப்போது எனக்குக் கோபம் வந்துகொண்டிருந்த காலம். ஒரு திங்கட்கிழமை எல்லோருக்கும் கட்டுப்பாடு போட்டேன். ஒரு பேர் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான் உள்ளே வரலாம். அதுவும் அவரவர் கிளைக் கம்ப்யூட்டரில் மட்டும். மூன்று மாசத்துக்கு ஒரு தரம் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். தப்பாக முயற்சி செய்தாலும் சரி, சரியாக உள்ளே வந்தாலும் சரி, இரண்டும் பதிவாகும். மறுநாள் காலை ஆறு ஐந்துக்கு ஓனர் போன் செய்தார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? நாலு கிளையில போணி ஆகலங்கறாங்க."

நான் பாதுகாப்பு, தணிக்கை என்று ஆரம்பித்தேன்.

"எல்லாம் கரெக்டும்மா. நீ படிச்ச பொண்ணு, தப்பாவா சொல்லப்போற? எல்லாருக்கும் போடு. அவ பேருக்கு மட்டும் வேணாம்."

டீ ஆறுவதற்குள் செய்து முடித்தேன். அந்த ஒரு பேருக்கு மட்டும் விலக்கு. எந்தக் கிளையிலிருந்தும் வரலாம், ஒரே நேரத்தில் எத்தனை கம்ப்யூட்டரிலும் இருக்கலாம், பாஸ்வேர்ட் காலாவதியே ஆகாது. மொத்தம் நாலு வரி. அந்த நாலு வரியும் என் பேரோடு, தேதி நேரத்தோடு சர்வரில் ஏறியது. தணிக்கை என்று வைத்தால் வாட்ச்மேனுக்கும் சேர்த்துத்தானே.

தரச் சான்றிதழுக்காக வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன் வரும். அதற்கு ஒரு படிவம் வேண்டும் என்றார்கள். இன்டர்நெட்டில் தேடி, இங்கிலீஷில் இரண்டு பக்கம் எடுத்தேன். 'என் லாகினில் நடக்கும் அனைத்துக்கும் நானே பொறுப்பு, என் பாஸ்வேர்டை யாருக்கும் தர மாட்டேன்' என்பதுதான் அதன் சாரம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். அக்கா தமிழில் போட்டுவிட்டு, "இது இன்னாத்துக்கும்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா, ஃபைலுக்கு."

"ஃபைலுக்குன்னா சரி."

அதோடு விட்டேனா? சொல்லியும் கொடுத்தேன். "யார் கேட்டாலும், எப்ப கேட்டாலும், பாஸ்வேர்ட் வேற யாருக்கும் தெரியாதுன்னு சொல்லணும்க்கா. முக்கியமா சிரிக்கக் கூடாது." அக்கா முதல் இரண்டு தடவையும் சிரித்துவிட்டார். மூன்றாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு ஒப்பித்தார். இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலையில் எல்லாக் கிளையிலும் பிளாஸ்திரியை உரித்துவிடுவோம். மறுநாள் புதுசு ஒட்டுவோம். வருஷா வருஷம் நல்லபடியாகவே நடந்தது.

போன வருஷம் ஆடி மாசம், கீழ்க்கட்டளைக் கிளையில் கிட்னி பிரச்சினை உள்ள ஒரு பெரியவர் ரத்தம் கொடுத்தார். மறுநாள் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் நாலரை என்று இருந்தது. அது நார்மல். எங்கள் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். எல்லா ரிப்போர்ட்டையும் சரிபார்த்து அனுப்புவது அவர்தான். இரண்டு நாள் கழித்துப் பெரியவர் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் ஐசியூவில் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார், அந்த மட்டும் நல்லது. அவர் மகன் தாம்பரம் ஆபீஸுக்கு வந்து ரிப்போர்ட்டை மேஜையில் அடித்து, "எங்கப்பா செத்திருந்தா யார்யா பதில் சொல்லுவீங்க?" என்று கத்தினார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

என்னைப் பார்க்கச் சொன்னார்கள். டெஸ்ட் செய்த மெஷினில் ஆறு புள்ளி நாலு என்று இருந்தது, அது ஆபத்தான அளவு. டேட்டாபேஸிலும் முதலில் அதுவே ஏறியிருக்கிறது. டாக்டரம்மா பார்ப்பதற்கு முன்னால், மறுநாள் காலை ஏழு இருபதுக்கு, யாரோ அதை நாலரை ஆக்கியிருக்கிறார்கள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். கிளையிலேயே செய்யும் சின்ன டெஸ்ட்டுகளின் முடிவைக் கையால் ஏற்றுவது உண்டு. வேறு யாருக்கோ ஏற்ற வேண்டிய எண் இந்தப் பெரியவர் வரியில் விழுந்திருக்கும். மாற்றிய கம்ப்யூட்டர் கீழ்க்கட்டளையுடையது. மாற்றிய லாகின் அக்காவுடையது.

அன்றைக்கு அக்கா லீவு. மகளை நர்சிங் காலேஜில் சேர்க்கச் செங்கல்பட்டுப் பக்கம் போயிருந்தார். கீழ்க்கட்டளையில் காலை ஷிப்டில் மூன்று பெண்கள். மூன்று பேரும் நான் இல்லை என்றார்கள். உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்தக் கம்ப்யூட்டர் என்றுதான் சர்வர் எழுதும், எந்த விரல் என்று எழுதாது.

ஓனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"அந்த மூணுல யாருன்னு சொல்ல முடியாதா?"

"முடியாது சார்."

"பெரியவரோட பையன் எழுத்துல பதில் கேக்கறான்மா. யார் மேல நடவடிக்கை எடுத்தோம்னு சொல்லணும். ஒண்ணு பண்ணு. அன்னிக்கு மாத்துன அந்த ஒரு வரிய மட்டும் பிரிண்ட் எடு. மத்த கிளை வரியெல்லாம் எதுக்கு, கொழப்பும்."

எடுத்தேன். அதே பதிவில் சில வருஷம் பின்னால் போனால் நான் அடித்த நாலு வரி இருந்தது. ஐந்து கிளையிலும் அக்கா பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருந்ததும் வரிசையாக இருந்தது. அதையும் சேர்த்து எடுத்திருந்தால் மூன்று பக்கம் வந்திருக்கும், அவ்வளவுதான். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. மேலே ஒரு வரி, மீதி வெள்ளை. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. தாளை ஃபைலில் வைத்தேன், பசித்தது, போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஓனர் ரூமில் விசாரணை. ஓனர், டாக்டரம்மா, நான். அக்காவைக் கூப்பிட்டார்கள். பாதி வேலையில் வந்ததால் கோட்டுப் பையில் பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது. டாக்டரம்மா தாளை நீட்டினார்.

"இது உங்க லாகின்தானே?"

"ஆமா மேடம், என்னுதுதான்."

"அன்னிக்கு நீங்க லீவு."

"ஆமா மேடம். பாப்பாவ காலேஜ்ல சேக்கப் போனேன்."

"அப்போ உங்க பாஸ்வேர்ட் வேற யாருக்காவது தெரியுமா?"

ஓனருக்குத் தெரியும். கேட்கிற டாக்டரம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ஐந்து கவுண்டருக்கும் அடியில் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கிறது. அக்கா ஒரு தடவை என்னைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, நேராகப் பார்த்து, துளிகூடச் சிரிக்காமல் சொன்னார்.

"தெரியாது மேடம். நான் யாருக்கும் சொல்லல."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். ஓனர் மின்விசிறியைப் பார்த்தார். 'நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்' என்று ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று கேட்பீர்கள். இல்லை. வாய் காலியாகத்தான் இருந்தது. மனசும் காலியாகத்தான் இருந்தது. டாக்டரம்மா பேனா எழுதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் மாடிப்படியில் அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ சொல்லிக்குட்த்த மாரியே சொன்னேனா? சிரிக்கவே இல்ல, பாத்தியா?"

அவருக்கு அதுவும் ஓர் இன்ஸ்பெக்‌ஷன். ஃபைல் இருந்தது, டாக்டரம்மா இருந்தார், இங்கிலீஷ் தாள் இருந்தது, அதே கேள்வி வந்தது. சொல்லிக் கொடுத்த பதிலைத் தப்பில்லாமல் சொல்லி எங்களையெல்லாம் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றார்.

"சூப்பர்க்கா" என்றேன். ஐயோ, அதைத்தான் சொன்னேன்.

இரண்டு நாளில் அக்காவுக்குக் கடிதம் கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருந்ததால் என்னிடம் எடுத்து வந்தார். "இன்னா எழுதிக்கீதும்மா?" என்றார். படித்துச் சொன்னேன். பாஸ்வேர்ட் வேறு யாருக்கும் தெரியாது என்று நீங்களே ஒத்துக்கொண்டதால், மாற்றியது நீங்கள்தான் என்று ஆகிறது. அப்படி இல்லையென்றால் யாருக்கோ கொடுத்துவிட்டு மறைத்தீர்கள் என்று ஆகிறது. எதுவாக இருந்தாலும் நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்துக்கு விரோதம், ஆகவே நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்.

அக்கா கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அல்லாருக்கும் தெரியுமேம்மா. சாருக்கே தெரியுமே. நீ போயி சார்கிட்ட சொல்லேன்."

"சொல்றேன்க்கா."

போனேன். ஓனர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கதவருகே ஐந்து நிமிஷம் நின்றேன். அவர் கையால் 'அப்புறம்' என்று காட்டினார். திரும்பி வந்துவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான். அப்புறம் போகவே இல்லை.

வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அன்றே முடக்க வேண்டும் என்பதும் நான் எழுதி வைத்த விதிதான். சாயங்காலம் முடக்கினேன். மறுநாள் காலை ஆறு நாலுக்கு ஓனர் போன்.

"அவ பேர எடுத்துட்டியா? திரும்பப் போடும்மா."

"சார், அவங்கதான் வேலையிலயே இல்லையே."

"ஆள் போனா ராசியும் போகணுமா? அவ மேல எனக்கு என்ன கோவம், சொல்லு. எழுத்துல கேட்டான், எழுத்துல குடுத்தோம். பேரு இருந்துட்டுப் போகட்டும்."

திரும்பப் போட்டேன். சிரிப்பாவது வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. அக்கா வேலையை விட்டு நீங்கிய மறுநாள் காலை, ஐந்து கிளையிலும் வழக்கம்போல அக்கா பேரில் போணி ஆனது. தினமும் காலையில் நான் முதலில் பார்க்கும் ரிப்போர்ட்டில் அந்தப் பேர்தான் மேலே இருக்கும். முதல் வாரம் கண்ணை உறுத்தியது. அப்புறம் பழகிவிட்டது. எல்லாம்தான் பழகுகிறது.

தை பிறந்து கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்தேன். நடைமேம்பாலத்தில் கூட்டம் நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. அவர்தான் முதலில் பார்த்து, "இன்னாம்மா, கண்டுக்காம போற?" என்றார். நான் கண்டுகொள்ளாமல் போகவில்லை, பார்க்கவே இல்லை. நம்புவாரோ மாட்டாரோ. ஓரமாக நின்று பேசினோம். பல்லாவரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலையாம்.

"அங்க ஊசி யார்க்கா போடறா, நீங்கதானே?"

"இல்லம்மா. டியூப்ல ஸ்டிக்கர் ஒட்டிக்கினு, தரைய தொடைச்சிக்கினு கீறேன்."

"ஏன்க்கா?"

"லாகின் குட்த்தாங்கோ. வேணாம்னுட்டேன். லாகின் இல்லாதவங்கோ ஊசிய தொடக் கூடாதாம். இந்த மாசத்துக்குள்ள வாங்கிக்கோ, இல்லாங்காட்டி வேற ஆள் பாக்கறோம்னு சொல்ட்டாங்கோ. பேஜாரா கீது."

"வாங்கிக்கங்கக்கா. அதுல என்ன இருக்கு?"

"பயமா கீதும்மா." குரலைத் தணித்துக்கொண்டார். "அங்க என் பேரு இன்னும் உள்ள சுத்திக்கினு கீதோ இன்னாமோ. எவளாச்சும் எதையாச்சும் தட்டிட்டா, மறுபடியும் என்னியத்தானே கூப்புடுவாங்கோ? இங்க ஒரு பேரு, அங்க ஒரு பேருன்னு எத்தினி பேருக்கு நான் பதில் சொல்றது? நீ சொல்லு. என் பேர எட்த்துட்டியா? எட்த்துட்டன்னு சொன்னா, நான் இங்க வாங்கிக்கிறேன்."

அன்று காலை ஆறு இரண்டுக்கு ஊரப்பாக்கத்தில் அக்கா உள்ளே வந்திருந்தார். அந்த வரியை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தேன்.

"எடுத்துட்டேன்க்கா. அன்னிக்கே."

"சத்தியமா?"

"சத்தியமா."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பழக்கதோஷம், கட்டைவிரல் தானாக என் முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடிப் போய் நின்றது. "உனுக்கு நல்ல நரம்பும்மா" என்று சிரித்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஏதோ உறைத்தது. வெட்கமாக இருந்தது. இந்த மனுஷியிடம் இதையும் புளுகுகிறேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. ரயில் வந்தது, அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை, ஆபீஸுக்குத் திரும்பிப் போனேன். அக்காவின் லாகினை இந்தத் தடவை முடக்கவில்லை, அழித்தேன். அந்த நாலு வரி விலக்கையும் அழித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாசக்கணக்காக நான் செய்யாமல் இருந்த வேலை ஒரு நிமிஷத்து வேலை. அழித்தவர் பேர் என்ற இடத்தில் என் பேர் விழுந்தது. தைரியம் வந்து செய்தேன் என்று சொல்ல மாட்டேன். சொன்ன சத்தியத்தை அன்று ராத்திரிக்குள்ளாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை போன் அடிக்கும் என்று தெரியும். அடித்தது.

"எங்கயும் போணி ஆகலம்மா."

"தெரியும் சார். அக்கா பேர அழிச்சிட்டேன்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. என் லாகின்லதான் பண்ணேன். சர்வர் பதிவுல என் பேரு இருக்கும்."

"திரும்பப் போடு."

"முடியாது சார்."

இந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. வேலையை விட்டுப் போ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் போய்விடுவது என்றும் ஒரு மாதிரி இருந்தேன். அவர் பெருமூச்சு விட்டார். கோபமே இல்லை.

"ஜனம் வெறும் வயித்தோட வாசல்ல நிக்குதும்மா. போணி ஆகாம எப்படி ஆரம்பிக்கறது? ராசியான பேரா ஒண்ணு வேணுமில்ல. உன் பேர்ல போட்டுடலாமா? யோசிச்சுப் பாத்தா நீ வந்தப்புறம்தான் மூணு கிளை தொறந்தோம். நல்ல கைதான் உன்னுதும்."

"சார்..."

"இஷ்டம் இல்லன்னா விடு. வேற கம்ப்யூட்டர் ஆளைக் கூப்ட்டு அவ பேரையே புதுசா போட்டுக்கறேன். எனக்கு ஒரு பேரு வேணும், அவ்ளோதான்."

அவர் மிரட்டவில்லை. கடைக்காரரிடம் இது இல்லையென்றால் அதைக் கொடு என்பது போலத்தான் கேட்டார். இந்த மாசத்துக்குள் அக்கா பல்லாவரத்தில் லாகினுக்குச் சரி சொல்ல வேண்டும். என் சத்தியத்தை நம்பித்தான் சொல்லப்போகிறார். ஃபைலில் என் கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் எனக்கு மனப்பாடம்.

"சரி சார், என் பேரையே போட்டுக்கங்க."

லேப் சாஃப்ட்வேருக்கு என் பேரில் ஒரு லாகின் போட்டேன். அழித்த நாலு வரியை மறுபடி அடித்தேன், பேர் மட்டும் வேறு. பாஸ்வேர்டை ஐந்து கிளைக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். ஐந்து கிளையிலிருந்தும் கட்டைவிரல் வந்தது.

ஆறு பதினெட்டுக்குக் கீழ்க்கட்டளையில் உள்ளே வந்தேன். ஆறு பத்தொன்பதுக்கு ஊரப்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் ஒரே நேரத்தில் வந்தேன். ஏழு மணிக்குள் நாற்பத்தோரு பேருக்கு ரத்தம் எடுத்து, பதினாலு ரிப்போர்ட்டில் கை வைத்திருந்தேன். நான் அப்போது சேலையூரில், வீட்டுச் சமையலறையில், என் பெண்ணின் டிபன் பாக்ஸுக்கு மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.